முக்கில் நின்ற பேனர்

பச்சையம்மாளைப் பால் வண்டி அடித்துப் போட்ட காலையில் தேவிப்ரியாவின் முகம் ரோட்டோரத்தில் ஆள் உயரத்துக்கும் மேலே நின்றுகொண்டிருந்தது. தலையில் கிரீடம், கையில் செங்கோல், உட்கார ஒரு தாமரைப் பூ. எதையும் அவள் போட்டதுமில்லை, பிடித்ததுமில்லை. பிளக்ஸ் கடைக்காரன் கம்ப்யூட்டரில் ஒட்டவைத்தது. மஞ்சள் நீராட்டு விழாவுக்கு வருகிற உறவுகளை வரவேற்கும் அன்புத் தாய்மாமன் என்று எழுதி, கறுப்புக் கண்ணாடியோடு தமிழரசன் அவளைவிடப் பெரிதாக நின்றான். விழா முடிந்து பந்தலைப் பிரித்தாயிற்று. பேனரைப் பிரிக்கத்தான் யாருக்கும் கை வரவில்லை. "இன்னும் நாலு பேரு பாக்கட்டும்க்கா" என்று தமிழரசன் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற ரோட்டில், ஊர் முடிந்துவிட்டதுபோல் தெரிந்து முடியாத இடம் மேட்டுத்தெரு முக்கு. இந்தப் பக்கம் தெரு. அந்தப் பக்கம் ரைஸ் மில், பஸ் நிற்கிற இடம், பள்ளிக்கூடம், ரேஷன் கடை. மேட்டுத்தெருக்காரர்கள் எதற்குப் போவதானாலும் ரோட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். முன்னே ரோடு குண்டும் குழியுமாகக் கிடந்தது. வண்டிகள் முனகிக்கொண்டு ஊர்ந்தன. போன வருஷம் புது ரோடு போட்டார்கள். கண்ணாடி மாதிரி வழவழவென்று போட்டார்கள். அதிலிருந்து முக்கில் வண்டி வருவது தெரிவதில்லை, போவதுதான் தெரிந்தது. கரும்பு டிராக்டர், டவுன் பஸ், நெல் லாரி, செங்கல் லாரி, நடுவில் புகுந்து புறப்படுகிற பைக்குகள். ரோட்டில் ஒரு வெள்ளைக் கோடு கிடையாது.

முக்கில் ஒரு இரும்புக் கம்பம் உண்டு. பேனர் கட்டுகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கம்பம்தான். இரண்டு பக்கமும் சவுக்குக் கழி நட்டு, நடுவில் கம்பத்தோடு சேர்த்து இறுக்கிவிட்டால் காற்றுக்கும் அசையாது. கல்யாணம், காதுகுத்து, கட்சி, கண்ணீர் அஞ்சலி என்று ஒன்று போனால் ஒன்று. அந்தக் கம்பத்தை வெறுமையாகப் பார்த்ததாகத் தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை.

தேவிப்ரியாவின் அம்மா விஜயலட்சுமியும் பச்சையம்மாளும் எதிரெதிர் வீடு. இருவருக்கும் மில்லில் களத்து வேலை. அது சின்ன மில். நெல் காயவைக்க இன்னும் மெஷின் வாங்காத முதலாளி. இரவெல்லாம் ஊறி விடியற்காலையில் அவிந்த நெல் ஆவி பறக்கக் களத்தில் வந்து விழும். வெயில் ஏறுவதற்குள் அதைப் பரப்பிவிட வேண்டும். பரப்பியதை வெறுங்காலால் சால் ஓட்டுவதுபோலத் தள்ளிக்கொண்டே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க வேண்டும். அவித்த நெல்லின் சூட்டில் பாதத்தின் தோல் உரிந்து, தேறி, மறுபடி உரிந்து, கடைசியில் செருப்பே வேண்டாத அளவுக்குக் காய்த்துப் போகும். புகைபோக்கியிலிருந்து உமிக்கரி பறந்து புடவையிலும் சோற்றிலும் விழும். பச்சையம்மாள் புருஷன் சாராயத்தில் போனவன். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அவளுக்கு இருந்ததெல்லாம் இந்தக் களமும், களத்தில் நடக்கிற இரண்டு கால்களும்தான்.

தை மாதம். கல்வராயன் மலைப் பக்கமிருந்து இறங்குகிற பனி, ரோட்டின் மேல் பஞ்சு அடைத்த மாதிரி கிடந்தது. பச்சையம்மாள் கூழ்த் தூக்குச்சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் ஓடி வந்த விஜயலட்சுமி, அவள் பேனரைச் சுற்றிக்கொண்டு ரோட்டில் இறங்குவதைப் பார்த்தாள். அடுத்ததாகச் சத்தத்தைத்தான் கேட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தபோது தூக்கு ஒரு பக்கம் உருண்டு கிடந்தது. கூழ் ரோட்டில் கொட்டியிருந்தது. பச்சையம்மாளின் வலது கால் போகக் கூடாத பக்கமாகத் திரும்பியிருந்தது.

பால் வண்டிக்காரன் சின்னப் பையன். இறங்கி ஓடி வந்தான். "பேனரு பொறத்தால இருந்து திடீர்னு வந்துட்டாங்கண்ணா. எனக்குத் தெரியவே இல்ல. சத்தியமா தெரியல."

ஷேர் ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. உயிருக்குப் பயமில்லை, ஆனால் பழையபடி நடப்பது சந்தேகம் என்றார்கள்.

சாயங்காலம் சின்னராசுவுக்கு ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. சின்னராசு விஜயலட்சுமியின் புருஷன், கொத்தனார். கையில் ஒட்டிய சிமெண்டைக்கூடச் சரியாகக் கழுவாமல் கிளம்பினான். விஜயலட்சுமியும் கூடவே போனாள். எஸ்.ஐ. தலையைத் தூக்காமலே கேட்டார்.

"யாருய்யா பேனர் கட்டனது?"

"எங்கூட்டு விசேசம் சார். மச்சான் கட்டனது."

"பர்மிஷன் வாங்கினியா?"

"எல்லாருந்தான் சார் அங்க கட்றாங்க."

"எல்லாரும் கட்றாங்க. ஒன்னுதுல ஆளு அடிபட்டிருக்குது. அந்தக் கம்பத்துல பாதசாரிகள் கடக்கற எடம்னு போர்டு இருக்குது. ரோட்டு ஆபீஸ்ல கேட்டுட்டேன். இருக்குதுன்றாங்க. அத மறச்சி ஒம் பொண்ணுக்கு கிரீடம் வெச்சிருக்க. வண்டிக்காரன் போர்ட பாத்திருந்தா ஸ்லோ பண்ணியிருப்பான். அப்ப கேஸு யார் மேல வரும்? சொல்லு."

விஜயலட்சுமிதான் சொன்னாள். "இப்பவே போயி அவுத்துர்றோம் சார்."

"கை வெச்சிப் பாரு! அது எவிடென்ஸ். ரோட்டு இன்ஜினியர் வந்து பாத்து எழுதற வரைக்கும் அப்படியே நிக்கணும்."

மறுநாள் விடிவதற்குள் ரோட்டோரத்தில் இருந்த கட்சி பேனர்களையெல்லாம் ஆட்கள் வந்து சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தேவிப்ரியா மட்டும் கிரீடத்தோடு நின்றாள். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "இந்தப் பொண்ணு பேனர்தான்" என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டு போனார்கள்.

பள்ளிக்கூடத்துக்குப் போன தேவிப்ரியா மத்தியானமே திரும்பி வந்துவிட்டாள். பையை மூலையில் எறிந்தாள்.

"நான் இனிமே போவ மாட்டேன்."

"ஏண்டி, இன்னா ஆச்சி?"

"ஒன் அழகப் பாத்துதான் பிரேக் புடிக்க மறந்துட்டானாம். சொல்லி சொல்லி சிரிக்கறாளுங்க."

"சொல்றவ வாயில புத்து வெக்க. நீ எதுக்குடி அதுக்கெல்லாம்..."

"நான் கேட்டனா?" தேவிப்ரியா கத்தினாள். எதிர்வீட்டில் ஆளில்லாத வெறுமையில் அந்தக் கத்தல் தெருவெல்லாம் கேட்டது. "நான் வயசுக்கு வந்தத ரோட்ல போர்டு போட்டு சொல்லுன்னு நான் கேட்டனா? வாணாம்னு சொன்னேன். மாமா சிரிச்சாரு. அப்பா சிரிச்சாரு. நீயுந்தானம்மா சிரிச்ச? இப்ப அவுத்துப் போடுன்னா எவிடென்ஸுன்ற. எம் மூஞ்சி எவிடென்ஸா?"

விஜயலட்சுமி அடிக்கக் கையை ஓங்கியவள் அப்படியே இறக்கிக்கொண்டாள். சிரித்தது உண்மை.

தமிழரசனின் போன் அணைந்தே கிடந்தது. மூன்றாம் நாள் கொல்லைப்பக்கமாக வந்தான்.

"அக்கா, எம் பேர சொல்லிடாதக்கா. பாஸ்போர்ட்டுக்குக் குடுத்திருக்கேன். கேஸுல பேரு வந்துச்சின்னா வெளிநாட்டு வேலை போச்சி."

"நான் சொல்ல இன்னாடா இருக்குது? அம்மாம் பெரிய மூஞ்சிய ரோட்ல நட்டு வெச்சிருக்கியே, கண்ணாடியோட. போலீசுக்குக் கண்ணு தெரியாதா?"

"காத்துல சாஞ்சி போர்டு மேல வுழுந்துடுச்சின்னு மாமாவ சொல்லச் சொல்லு."

"கட்டும்போது அங்க போர்டு இருந்துச்சாடா?"

"யாரு கண்டா! அங்க ஏற்கெனவே எவனோ கட்டன பேனரு இருந்துச்சி. அது மேலயே வெச்சி இழுத்துக் கட்டிட்டோம்."

"போடா. நேரா வாசல் வழியா போ. திருட்டு நாயி மாதிரி கொல்லப்பக்கம் வராத."

ஆஸ்பத்திரிக்கு விஜயலட்சுமி ரசம் சோறு கொண்டு போனாள். பச்சையம்மாளின் காலில் கம்பி போட்டு, கயிற்றில் கனம் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். திருப்பூரிலிருந்து வந்த மகன் ஐயப்பன் எழுந்து வெளியே போய்விட்டான். பச்சையம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எடுத்துக்கினு போ."

"யக்கா, ரெண்டு வாயி..."

"எடுத்துக்கினு போடி. ஒஞ் சோறு எனக்கு வாணாம்." அவள் குரல் உயரவில்லை, அதுதான் விஜயலட்சுமிக்குப் பொறுக்கவில்லை. "தெனைக்கும் அந்த எடத்துல நின்னு எட்டிப் பாத்துட்டுதான் எறங்குவேன். அன்னிக்கி எட்டிப் பாத்தா ஒன் தம்பி நிக்கிறான், கண்ணாடி மாட்டிக்கினு. இந்தாண்ட நகுந்து பாத்தா ஒம் பொண்ணு நிக்கிது. வண்டி எங்கடி தெரியும்? சத்தங்கூட கேக்கல, பனி. பரவால்ல, வரலன்னு எறங்கனேன். எறங்கனது தப்பா?"

"இல்லக்கா."

"போலீசு வந்து கேக்கறான். ஏம்மா பாத்து வரக் கூடாதான்னு. படுத்திருக்கறவளப் பாத்து கேக்கறான். பாத்துதாண்டா வந்தேன், ஒங்க ஊருல பாக்க எடம் எங்கடா வெச்சிருக்கீங்கன்னு கேட்டேன். எழுதிக்காம போய்ட்டான்."

விஜயலட்சுமி தூக்கைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் போனபோது அது திறக்காமலே அங்கேயே இருந்தது.

இன்ஜினியர் வரவில்லை. நாளைக்கு என்றார்கள், அவர் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள், லீவு முடிந்து வரட்டும் என்றார்கள். விஜயலட்சுமி களத்துக்குப் போகும்போதும் வரும்போதும் மகளின் முகத்தைக் கடந்துதான் போனாள். ஒரு மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்து வெளியே வந்தவள், பேனரில் தேவிப்ரியாவின் வாயிலும் கன்னத்திலும் யாரோ வெற்றிலை எச்சிலைத் துப்பியிருப்பதைப் பார்த்தாள். எச்சில் கழுத்துவரை வழிந்து காய்ந்திருந்தது.

அவள் மில்லுக்குள் திரும்பினாள். சாக்கு அறுக்கிற கத்தியை எடுத்துக்கொண்டு வந்தாள். கூட வேலை செய்கிற கலையரசி, "இன்னாடி, எங்கடி?" என்று பின்னாலேயே ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் மற்ற பெண்களும் சோற்றுக் கையோடு வந்தார்கள்.

"வாணாண்டி, போலீசு கேஸு..."

"கேஸு போடட்டும். இன்னொருத்தன் எம் பொண்ணு மேல துப்பறதுக்கு நான் நிக்க வெச்சிக்கினு இருக்கணுமா?"

சணல் கயிற்றை அறுத்தாள். பேனர் ஒரு பக்கம் மடங்கித் தொங்கியது. கலையரசி ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு புடவையைச் செருகிக்கொண்டு மறுபக்கம் பிடித்து இழுத்தாள். தேவிப்ரியாவும் தமிழரசனும் தரையில் விழுந்தார்கள். அதற்குப் பின்னால் ஒரு நெல் வியாபாரி கைகூப்பிக்கொண்டிருந்தார், கண்ணீர் அஞ்சலி. விஜயலட்சுமி அவரையும் அறுத்தாள். அவருக்குப் பின்னால் வெயிலில் வெளுத்து முகமே போய்விட்ட ஒரு கல்யாண ஜோடி. இழுத்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

அதற்குப் பின்னால் கம்பம்தான் இருந்தது. மொட்டைக் கம்பம். உச்சியில் இரண்டு ஓட்டை, ஒன்றில் துருப்பிடித்த ஆணி. அவ்வளவுதான்.

பெண்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"போர்டு எங்கடி?" என்றாள் கலையரசி.

விஜயலட்சுமிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை நாள் சோறு இறங்காமல் கிடந்தாளே, போர்டை மறைத்த பாவி நான்தான் என்று. புருஷன் வேலைக்குப் போகிற இடத்தில் தலை குனிந்து நின்றானே. மகள் படிப்பை விட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறாளே. கத்தியை ரோட்டோரத்தில் வீசிவிட்டுக் கம்பத்தடியில் உட்கார்ந்தாள்.

ரோந்து போன போலீஸ்காரர் அறிவுச்செல்வன் பைக்கை நிறுத்தினார். "ஏம்மா, இன்னா பண்ணி வெச்சிருக்க? எவிடென்ஸ கிழிச்சிட்டியே!"

"மேல பாருங்க சார்."

"இன்னா மேல?"

"பாருங்க. ரோட்டு ஆபீஸ்ல இருக்குதுன்னு சொன்னாங்களாமே, அது எங்க?"

அறிவுச்செல்வன் பார்த்தார். தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தார். பிறகு கொஞ்சம் தள்ளிப் போய் போனில் பேசினார். அவர் மேட்டுத்தெருவுக்குப் பக்கத்துத் தெருக்காரர்தான். திரும்பி வந்து, "நான் ஒன்னும் பாக்கல, நீங்களா பேசிக்கோங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நிழலில் போய் நின்றார்.

இத்தனை நாள் வராத ஜீப் அன்று மணியடித்த மாதிரி வந்தது. பின்னாலேயே ஒரு மினி லாரி. அதில் புத்தம்புதிய நீலப் போர்டு. வெள்ளை முக்கோணத்துக்குள் ஒரு மனிதன் நடந்துகொண்டிருந்தான். ஏணி, வெள்ளைப் பெயின்ட் டப்பா, இரண்டு வேலைக்காரர்கள். இன்ஜினியர் ஜீப்பிலிருந்து இறங்காமலே, "ஏணிய போடுப்பா, சீக்கிரம்" என்றார்.

விஜயலட்சுமி எழுந்து கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "போடக் கூடாது."

ஏணிக்காரன் சிரித்தான். "யம்மா, ஒங்களுக்காகத்தான் போர்டு வெக்கறோம்."

"எங்களுக்குத்தான். வெய்யி. ஆனா இங்க போர்டு இல்லன்னு மொதல்ல எழுது. எழுதிட்டு அப்பறமா வெய்யி."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. ஐயாகிட்ட பேசிக்கோ."

"அப்ப ஏணிய எறக்கு."

கலையரசி ரோட்டில் இறங்கி உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். உமிக்கரி படிந்த புடவைகளோடு களத்துப் பெண்கள் அத்தனை பேரும் தாரின் மேல் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் வண்டி நின்றது. கரும்பு டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டின. டவுன் பஸ்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். பைக்கில் வந்த ஒரு ஆள் கத்தினான்.

"ரோடு ஒங்கப்பன் வூட்டு சொத்தாடி?"

"வண்டில போறவனுக்கு மட்டும் அப்பன் வூட்டு சொத்தா?" என்றாள் கலையரசி. "நடக்கறவளுக்கு அப்பன் இல்லியா? வண்டிய ஆஃப் பண்ணிட்டு நில்லு."

சின்னராசு வேலையிலிருந்து ஓடிவந்தான். இன்ஜினியர் அவனைப் பார்த்ததும் ஜீப்பிலிருந்து இறங்கி, தோளில் கைபோட்டு, விஜயலட்சுமியையும் ஓரமாக அழைத்தார். பேச்சு இனிப்பாக இருந்தது.

"பாருங்க, எதுக்கு இவ்ளோ பெரிசு பண்றீங்க? ஒரு வழி சொல்றேன். நீங்க போர்டப் பத்தி பேசாதீங்க. நாங்க பேனரப் பத்தி எழுதல. எஸ்.ஐ.கிட்ட நான் சொல்லிக்கறேன். ஒங்க மேல கேஸும் இல்ல, ஒன்னும் இல்ல. பொண்ணு பேரும் வெளில வராது."

சின்னராசு பெரிதாக மூச்சுவிட்டான். "ஐயா சொல்றது நல்லாத்தான் இருக்குது விஜயா. தல தப்பிச்சிதுன்னு வுட்டுட்டு வா."

விஜயலட்சுமி இன்ஜினியரையே பார்த்தாள். "சரிங்க. போர்டும் இல்ல, பேனரும் இல்ல. அப்ப பச்சையம்மா எப்பிடி அடிபட்டா?"

"பனிம்மா. காலங்காத்தால. அவங்க பாக்காம குறுக்கால வந்துட்டாங்க. நடக்கறதுதான? யாரையும் தப்பு சொல்ல முடியாது."

"யாரையும் இல்லன்ற. அவள சொல்றியே!"

"அப்பிடி இல்லம்மா..."

"எப்பிடி இல்ல?" அவள் குரல் கடைசி டிராக்டர் வரைக்கும் கேட்டது. "போர்டு வெக்காதவன் மேல தப்பு இல்ல. பேனரு கட்டன எங்க மேல தப்பு இல்ல. வண்டி ஓட்டனவன் மேலயும் இல்ல. காலு ஒடஞ்சி கம்பில தொங்கறாளே, அவ மேலதான் தப்பு. நடந்ததுதான் தப்பு! அப்பிடித்தான எழுதுவ? அப்பறம் அவளுக்கு நஷ்ட ஈடு எவன் குடுப்பான்?"

"விஜயா, மெதுவா..." என்றான் சின்னராசு.

"நீ சும்மா இருய்யா. எதிர் வூட்டுல இருக்கறவ. ஒம் பொண்ணு பொறந்தப்ப வெந்நி வெச்சி ஊத்துனவ. அவ தலைல பழியத் தூக்கிப் போட்டுட்டு நீ நிம்மதியா தூங்குவியா? நான் தூங்க மாட்டேன்." அவள் இன்ஜினியர் பக்கம் திரும்பினாள். "ரெண்டையும் எழுது. போர்டு இல்லன்னு எழுது. சின்னராசு வூட்டு பேனரு மறச்சிக்கினு இருந்துச்சின்னும் எழுது. கோர்ட்டு வான்னா வந்து நிக்கறோம். அவ பாத்துதான் வந்தா, பாக்கறதுக்கு நாம எடம் வெக்கல. அத எழுது."

எஸ்.ஐ. வர வேண்டியதாயிற்று. அதற்குள் வரிசை மலையடி வரைக்கும் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஜனங்களும் கம்பத்தைச் சுற்றி நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஜீப் பானெட்டின் மேல் காகிதத்தை வைத்து, அந்த இடத்தில் கண்டதை எஸ்.ஐ. மகஜராக எழுதினார். எழுதி முடித்து, "கையெழுத்துப் போடு" என்றார்.

"எம் பொண்ணு படிச்சி சொல்லட்டும்" என்றாள் விஜயலட்சுமி.

கலையரசி தெருவுக்குள் போய் தேவிப்ரியாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அத்தனை கூட்டத்தைப் பார்த்ததும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கீழே புழுதியில் அவளுடைய பேனர் மடங்கிக் கிடந்தது. அதைத் தாண்டிக்கொண்டு வந்து காகிதத்தை வாங்கினாள். மெதுவாகத்தான் தொடங்கினாள். நடுவில் நிறுத்தினாள்.

"சேதமடைந்த நிலையில் பலகை இருந்ததுன்னு எழுதியிருக்காரும்மா."

"சேதம்னா?"

"ஒடஞ்சி இருந்துச்சின்னு."

"இல்லவே இல்லாதது எப்பிடிடி ஒடயும்? அடிக்கச் சொல்லு."

எஸ்.ஐ. இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் வேறெங்கோ பார்த்தார். பெண்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. எஸ்.ஐ. பேனாவைத் திறந்து, அந்த வரியை அடித்து, மேலே எழுதினார். தேவிப்ரியா இந்த முறை சத்தமாகவே படித்தாள். "அறிவிப்புப் பலகை எதுவும் இல்லை. சாலையில் கடக்கும் இடத்துக்கான கோடுகளும் இல்லை. சின்னராசு என்பவர் வீட்டு விழாவுக்கான விளம்பரப் பேனர், சாலையில் வரும் வாகனம் தெரியாதபடி மறைத்துக்கொண்டிருந்தது." கடைசி வரியில் குரல் ஒரு தடவை தடுக்கியது. ஆனாலும் விடாமல் படித்து முடித்தாள்.

சின்னராசு கையெழுத்துப் போட்டான். களத்துப் பெண்களில் எழுதத் தெரிந்தவர்கள் கையெழுத்தும் தெரியாதவர்கள் கைநாட்டும் வைத்தார்கள். மை தோய்ந்த விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டு ரோட்டை விட்டு எழுந்தார்கள். ஏணிக்காரன் போர்டை மாட்டினான். வெள்ளைக் கோடும் அன்றைக்கே போட்டுவிட்டார்கள்.

சின்னராசுவின் மேல் கேஸ் பதிவானது. கோர்ட்டுக்கு வரச்சொல்லி ஓலை வந்தது. இரண்டு நாள் அவன் விஜயலட்சுமியோடு பேசவில்லை. தமிழரசன் வந்து வாசலில் நின்று கத்திவிட்டுப் போனான், தன் எதிர்காலத்தை அக்காளே கெடுத்துவிட்டாள் என்று. தேவிப்ரியா மட்டும் பள்ளிக்கூடப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

ஐயப்பன் ஒரு வக்கீலைக் கூட்டி வந்து மகஜரைக் காட்டினான். இது போதும், கேஸ் நிற்கும் என்று அவர் சொன்னார். அன்று சாயங்காலம் விஜயலட்சுமி ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவன் எழுந்து போகவில்லை. ஸ்டூலை நகர்த்திப் போட்டான். பச்சையம்மாள் சுவரைப் பார்க்காமல் இவளைப் பார்த்தாள்.

"போர்டே இல்லியாமே?"

"இல்லக்கா."

"பேனரு?"

"அது இருந்துச்சி. நாங்கதான் கட்டனோம். அதயும் எழுதித்தான் குடுத்திருக்கோம்."

"எழுதிக் குடுத்துட்டா நான் ஒன்ன ஏச மாட்டேன்னு நெனச்சிக்கினியா?"

"ஏசுக்கா."

பச்சையம்மாள் ஏசினாள். இத்தனை நாள் வாய்க்குள்ளேயே வைத்திருந்ததையெல்லாம் எடுத்து ஏசினாள். தமிழரசனின் கண்ணாடியை, தாமரைப் பூவை, ஊருக்குக் காட்டுகிற பவுசை, பேனருக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்ட விஜயலட்சுமியை, எல்லாவற்றையும் பேர் சொல்லி ஏசினாள். பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்து கேட்டாள். நர்ஸ் வந்து, "ஆஸ்பத்திரியா இது, சந்தையா?" என்று அதட்டிய பிறகுதான் நின்றது. மூச்சு வாங்கியது.

"தூக்குல இன்னா?"

"கருவாட்டுக் கொழம்பு."

"கொண்டா."

படுத்தபடியே தின்பதற்குத் தோதில்லை. விஜயலட்சுமி பிசைந்து கொடுத்தாள். பச்சையம்மாள் முள்ளைத் துப்பிவிட்டு மெதுவாக மென்றாள்.

"போர்டு வெச்சாங்களே. வண்டிங்க நிக்கிதா?"

"எங்க நிக்கிது? ஒருத்தனும் நிக்கில. கோடு போட்டிருக்கறதே கண்ணுல படல. நாங்க கையக் கோத்துக்கினு மொத்தமா எறங்கறோம், புள்ளைங்களையும் சேத்து இட்டுக்கினு. அப்பறமாத்தான் நிக்கிது. நின்னுட்டு ஏசறானுங்க."

"எதுத்து ஏசறீங்களா?"

"ஏசறோம்."

பச்சையம்மாள் அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு சொன்னாள்.

"நிக்காதவன் வண்டிக் கண்ணாடில கல்ல வுடுங்கடி. எவ சொன்னான்னு கேட்டா, ஆஸ்பத்திரில படுத்திருக்கா, அவ சொன்னான்னு சொல்லு."